ஒரு கைப்பிடி மண்ணும் ஓர் எஸ்டர் வினையும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'கார்பனும் அதன் சேர்மங்களும்' பாடத்தை நடத்தி முடிக்கும்போது எல்லா மாணவர்களின் குறிப்பேட்டிலும் ஒரு சமன்பாடு இருக்கும். எத்தனாலும் எத்தனாயிக் அமிலமும் வினைபுரிந்து எத்தில் எத்தனோயேட் என்ற எஸ்டரும் நீரும் கிடைக்கும் சமன்பாடு அது. அதன் கீழே 'பழ வாசனை உடையது' என்று எழுதிக் கோடு போட்டிருப்பார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் இதே வகை வினையின் மூலம், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரித்த பொருள் சிறுநீரகப் புற்றுநோய்க்கான மருந்தாக மாறியிருக்கிறது என்று சொன்னால் பின்வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நான் கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தின் முடிவில் ஒரு பாடவேளையை ராபமைசின் என்ற மூலக்கூறின் கதைக்காக ஒதுக்குகிறேன். இயற்கையில் கிடைத்த ஒரு சேர்மத்தைச் சற்றே மாற்றி, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கும் மருந்தாக்கியது எப்படி என்பதே அந்தக் கதை. வேதியியல், உயிரியல், கணக்கு மூன்றும் அதில் ஒன்றாக வருகின்றன. சக ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் நான் நடத்தும் வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

செல்லுக்குள் ஒரு சத்துணவுக் கூடம்

செல் சமிக்ஞை என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் மிரளுவார்கள். எனவே நான் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்து தொடங்குவேன். அமைப்பாளர் காலையில் வந்ததும் என்ன செய்கிறார்? அரிசி, பருப்பு, முட்டை இருப்பைப் பார்க்கிறார். அடுப்புக்கு எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்று எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று வகுப்புகளிலிருந்து எண்ணிக்கை வாங்குகிறார். எல்லாம் சரியாக இருந்தால்தான் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறார்.

நம் செல்லுக்குள் அந்த அமைப்பாளரின் வேலையைச் செய்யும் புரதத்தின் பெயர் எம்டார். அமினோ அமிலங்கள் போதுமான அளவு இருக்கின்றனவா, ஆற்றல் இருக்கிறதா, 'வளர்' என்று இன்சுலின் போன்ற ஹார்மோன்களிடமிருந்து செய்தி வந்திருக்கிறதா என்ற தகவல்கள் எல்லாம் எம்டாரிடம் வந்து சேர்கின்றன. எல்லாம் கூடி வந்தால் 'புரதம் தயாரிக்கலாம், செல் வளரலாம்' என்ற உத்தரவு பிறக்கிறது.

உத்தரவு எந்த வடிவில் போகிறது? எம்டார் ஒரு கைனேஸ். அதாவது, ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியை எடுத்து அடுத்த புரதத்தின் மீது ஒட்டும் நொதி. நம் பள்ளியில் சுற்றறிக்கை வகுப்பு வகுப்பாகப் போகிறது, கையொப்பம் விழுந்ததும் வேலை நடக்கிறது. அந்தக் கையொப்பத்தைப் போன்றதுதான் பாஸ்பேட். அது விழுந்ததும் அடுத்த புரதத்தின் வடிவமும் செயலும் மாறுகின்றன. இவ்வளவு புரிந்துவிட்டால், மாணவருக்கு செல் சமிக்ஞையின் அடிப்படை பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

இதில் கோளாறு ஏற்பட்டால்? தேவை இல்லாதபோதும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். செல்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். சில புற்றுநோய்களில் நடப்பது இதுதான். அப்போது எம்டாரை அடக்க ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் ஒரு தீவின் மண்ணிலிருந்து வந்தது.

ராப்பா நூயி மண்

பசிபிக் பெருங்கடலில், சிலி நாட்டுக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 3,500 கி.மீ. தொலைவில் ஈஸ்டர் தீவு இருக்கிறது. பிரம்மாண்டமான கல் சிலைகளால் நம் மாணவர்களுக்கும் இந்தத் தீவு அறிமுகமாகியிருக்கும். தீவின் மக்கள் அதை ராப்பா நூயி என்று அழைக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு இறுதியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவ ஆய்வுக் குழு கப்பலில் அங்கே சென்றது. குழுவில் இருந்த நுண்ணுயிரியலாளர் தீவின் பல பகுதிகளிலிருந்து மண் மாதிரிகளைச் சேகரித்தார். அந்த மண் பின்னர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இருந்த அயர்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியா ஒன்று, பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளைச் சுரப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். தீவின் பெயரை ஒட்டி அதற்கு ராபமைசின் என்று பெயரிட்டார்கள். கண்டுபிடிப்பு 1975-இல் ஆய்விதழில் வெளியானது. அந்தக் குழுவில் முக்கியப் பங்காற்றியவர் சுரேன் சேகல். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் படித்துவிட்டு வெளிநாடு சென்றவர்.

பூஞ்சை மருந்தாக அது வெற்றி பெறவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் அது அடக்கியதே காரணம். 1980-களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டு, ஆராய்ச்சி அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. ராபமைசின் திட்டமும் கைவிடப்பட்டது. ஆனால் சேகல் அந்தப் பாக்டீரியாவைத் தூக்கியெறிய விடவில்லை. தன் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, புதிய நிர்வாகத்தை இணங்கவைத்து ஆய்வை மீண்டும் தொடங்கினார். பூஞ்சை மருந்துக்குக் குறையாக இருந்த அதே பண்பு, உறுப்பு மாற்று அறுவைக்கு வரமாகியது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க உதவும் மருந்தாக, சிரோலிமஸ் என்ற பெயரில், 1999-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இடையில் இன்னொரு கேள்வி இருந்தது. இந்தப் பொருள் செல்லுக்குள் யாரைத் தடுக்கிறது? 1991-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மைக்கேல் ஹால் குழுவினர் ஈஸ்ட் செல்களில் அதைக் கண்டறிந்தார்கள். 'ராபமைசினின் இலக்கு' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அந்தப் புரதத்துக்கு டார் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் பாலூட்டிகளிலும் அது கண்டறியப்பட்டு எம்டார் ஆனது. மருந்து முதலில் வந்தது, புரதம் பிறகு வந்தது, புரதத்தின் பெயரே மருந்திலிருந்து வந்தது. இங்கே பரிணாமப் பாடத்தையும் தொட்டுச் செல்லலாம். ஈஸ்டை அடக்கும் பொருள் மனித செல்லையும் அடக்குகிறது என்றால், இரண்டிலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒத்த புரதம் இருக்கிறது.

தொடக் கூடாத இடம், தொடக் கூடிய இடம்

ராபமைசின் பெரிய வளைய மூலக்கூறு. 51 கார்பன், 79 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 13 ஆக்சிஜன் அணுக்கள் கொண்டது. அது நேராகப் போய் எம்டாரைப் பிடிப்பதில்லை. வளையத்தின் ஒரு பக்கத்தால், செல்லுக்குள் இருக்கும் எஃப்.கே.பி.பி.12 என்ற சிறிய புரதத்தை முதலில் பற்றிக்கொள்கிறது. பிறகு மறுபக்கத்தால் எம்டாரைப் பற்றுகிறது. இரண்டு புரதங்களுக்கும் நடுவே பசை போல இருக்கிறது. 1996-இல் இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பே வெளியானது. எம்டார் கையொப்பமிடும் மேசைக்குப் போகும் வழியில் இருவர் கைகோத்து நின்றுவிட்டதைப் போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அமைப்பாளர் உள்ளே இருக்கிறார், ஆனால் தாள்கள் அவரிடம் போய்ச் சேருவதில்லை.

இவ்வளவு திறமையான மூலக்கூறுக்கும் ஒரு குறை உண்டு. அது நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. ரத்தத்தின் பெரும்பகுதி நீர் என்பதால், சிரை வழியாகச் செலுத்தும் மருந்தாக்குவது கடினம். எனவே மூலக்கூறை மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது?

இந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்தி மாணவர்களிடமே கேட்பேன். ஒரு பக்கம் எஃப்.கே.பி.பி.12-ஐப் பிடிக்கிறது. மூன்று இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உள்ள மறுபக்கம் எம்டாரைத் தொடுகிறது. இவற்றில் கை வைத்தால் என்ன ஆகும்? "பிடி விட்டுப் போயிடும் சார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உண்மையும் அதுதான். எம்டாரைத் தொடும் பகுதியில் பருமனான தொகுதியைச் சேர்த்தால் மூலக்கூறு எம்டாரைத் தடுக்கும் திறனை இழந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது, பெரிய வளையத்திலிருந்து வால் போல நீண்டிருக்கும் ஆறு கார்பன் வளையம். அதன் நுனியில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. இரண்டு பிடிகளையும் கெடுக்காமல் மாற்றத்தைத் தாங்கக்கூடிய இடம் அது. ஆய்வாளர்கள் அந்த ஒரே இடத்தில் கை வைத்தார்கள். இரண்டு வழிகளில் வைத்தார்கள். இரண்டு மருந்துகள் கிடைத்தன.

அந்த ஹைட்ராக்சிலை, தன்னிடமே இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட ஒரு சிறிய கார்பாக்சிலிக் அமிலத்துடன் எஸ்டராக இணைத்தபோது கிடைத்தது டெம்சிரோலிமஸ். அதே இடத்தில் இரண்டு கார்பன் நீளமுள்ள, நுனியில் ஹைட்ராக்சில் கொண்ட ஒரு துண்டை ஈதராக இணைத்தபோது கிடைத்தது எவரோலிமஸ். முதலாவது 2007-இலும் இரண்டாவது 2009-இலும் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

கரும்பலகையில் ஒரு கணக்கு

இனி மாணவர்கள் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்துவிடலாம். கார்பன் 12, ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16 என்ற பாடநூல் நிறைகளை வைத்தால் ராபமைசினின் மூலக்கூறு நிறை 913. (பின்னங்களுடன் கணக்கிட்டால் 914.2 வரும்.) டெம்சிரோலிமஸுக்கான அமிலத்தில் 5 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் இருக்கின்றன. நிறை 134. எஸ்டர் உருவாகும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். ஆகவே 913 + 134 - 18 = 1029. டெம்சிரோலிமஸின் வாய்பாட்டில் 56 கார்பன், 87 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 16 ஆக்சிஜன். கூட்டிப் பார்த்தால் அதே 1029. குறிப்பேட்டில் 'பழ வாசனை' என்று எழுதிய அதே கணக்கு ஒரு புற்றுநோய் மருந்துக்கும் ஒத்துவருவதைக் காணும்போது மாணவர்கள் முகத்தில் வரும் வியப்பை நீங்களே பாருங்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: நம் ஆய்வகத்தில் செய்வது போல அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடேற்றினால் இவ்வளவு மென்மையான மூலக்கூறு சிதைந்துவிடும். தொழிற்சாலையில் வழி வேறு, கணக்கு ஒன்றே.

எவரோலிமஸில் கூடுதலாகச் சேர்வது 2 கார்பன், 4 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், அதாவது 44. மொத்த நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. இந்தச் சிறு மாற்றத்தால் உடலில் மருந்தின் அரை ஆயுட்காலம் சுமார் 62 மணியிலிருந்து சுமார் 30 மணியாகக் குறைகிறது. மருந்தை நிறுத்தி 5 நாள்கள், அதாவது 120 மணி நேரம் ஆனால் எவ்வளவு மிஞ்சும்? எவரோலிமஸுக்கு நான்கு அரை ஆயுட்காலங்கள் கடந்துவிடும், ஏறத்தாழ 16-இல் ஒரு பங்கு மிஞ்சும். சிரோலிமஸுக்கு இரண்டுதான், ஏறத்தாழ கால் பங்கு மிஞ்சும். மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

எஸ்டருக்கும் ஈதருக்கும் உள்ள வேறுபாடும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. எஸ்டர் நீராற்பகுப்பு அடையும். டெம்சிரோலிமஸின் ஒரு பகுதி உடலுக்குள் மீண்டும் சிரோலிமஸாகவே மாறிவிடுகிறது. ஈதர் பிணைப்பு அவ்வளவு எளிதில் உடைவதில்லை.

புற்றுநோய் மருந்து என்றதும் மாணவர்கள் 'குணமாகிவிடுமா' என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும். 626 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், அப்போது வழக்கத்தில் இருந்த இன்டர்ஃபெரான் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 7.3 மாதங்கள். டெம்சிரோலிமஸ் மட்டும் பெற்றவர்களுக்கு 10.9 மாதங்கள். இடைநிலை அளவு என்றால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததை நினைவூட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. மூன்றரை மாதம் என்பது பெரிதா சிறிதா என்று மாணவர்கள் விவாதிக்கட்டும்.

ஒரு தாயின் கேள்வி

இந்தப் பாடத்தை நான் விடாமல் நடத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மூக்கின் இருபுறமும் சிறு சிவந்த கொப்புளங்கள், கையில் இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள், அவ்வப்போது வலிப்பு. தேமல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சில பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். மருத்துவமனையில் டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்று கண்டறிந்து எவரோலிமஸ் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவளுடைய அம்மா மருந்துச்சீட்டுடன் பள்ளிக்கு வந்துவிட்டார். "சார், இது கேன்சருக்குக் குடுக்கிற மாத்திரைன்னு சொல்றாங்க. எம் புள்ளைக்கு வலிப்புதான சார்? இத எதுக்கு எழுதியிருக்காங்க? குடுக்கலாமா, வேண்டாமா?"

கொடுப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். ஆனால் ஒரே மாத்திரை ஏன் இரண்டு நோய்களுக்கும் வருகிறது என்பதை விளக்குவது அறிவியல் ஆசிரியரின் வேலைதான். நம் செல்களில் எம்டாருக்குத் தடை போடும் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. சத்துணவுக் கூடத்தில் 'இப்போது வேண்டாம், அடுப்பை அணை' என்று சொல்லும் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றுக்கான மரபணு பழுதானால் டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் வருகிறது. எம்டார் ஓயாமல் வேலை செய்கிறது. மூளையிலும் தோலிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் வளர்கின்றன, பெரும்பாலும் புற்றல்லாத கட்டிகள். வலிப்பு வருகிறது. நோய்கள் வெவ்வேறு, அணைக்க வேண்டிய அடுப்பு ஒன்று. இந்நோயால் வரும் ஒருவகை மூளைக்கட்டிக்கு எவரோலிமஸ் 2010-இலும், வலிப்புக்கு 2018-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அந்த அம்மாவுக்கு அடுப்புக் கதையைத்தான் சொன்னேன். புரிந்தது. மறுவாரம் வகுப்பிலும், நோயின் பெயரைச் சொல்லாமல், மரபணுவால் வருவது தொட்டால் ஒட்டாது என்று பாடமாகவே நடத்தினேன். பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள் மெல்ல மாறினார்கள். அவளுக்கு வலிப்பு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

சுமார் 6,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு குழந்தையோ, சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒரு குழந்தையோ இருக்கலாம். இத்தகைய மருந்து எடுக்கும் மாணவருக்குக் காய்ச்சல் வந்தால் சாதாரணமாக விடாமல் உடனே பெற்றோருக்குச் சொல்லுங்கள். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும். பள்ளியில் தட்டம்மை-ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி முகாம் நடந்தால், அந்தக் குழந்தைக்கு மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் போடக் கூடாது.

'இயற்கைதானே, ஒன்றும் செய்யாது'

மாணவர்கள் வீட்டிலிருந்து இரண்டு நம்பிக்கைகளைக் கொண்டு வருகிறார்கள். இயற்கையானது தீங்கு செய்யாது என்பது ஒன்று. 'கெமிக்கல்' என்றாலே விஷம் என்பது மற்றொன்று. ராபமைசினின் கதை இரண்டையும் சோதித்துப் பார்க்கிறது. அது முழுக்க இயற்கையானது, ஆனாலும் நோய் எதிர்ப்பு ஆற்றலையே அடக்கும். எவரோலிமஸ் ஆய்வகத்தில் மாற்றப்பட்டது, ஆனாலும் ஒரு சிறுமியின் வலிப்பைக் குறைக்கும். அதுவும் வாய்ப்புண், தொற்று, ரத்தச் சர்க்கரை உயர்வு போன்ற பக்க விளைவுகள் உடையது. பம்பளிமாஸின் உறவுப் பழமான கிரேப்புரூட்டின் சாறு, குடலில் இம்மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். பழச்சாறே இப்படி என்றால், கசாயமோ மூலிகை மாத்திரையோ எதுவானாலும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்கக் கூடாது என்பது விளங்கும்.

மஞ்சளில் உள்ள குர்குமினைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். ஆய்வகத் தட்டில் அது பல சமிக்ஞைப் புரதங்களைத் தடுப்பது உண்மை. ஆனால் வாய்வழி உண்ணும்போது மிகக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. தட்டில் வேலை செய்வது உடலிலும் வேலை செய்ய வேண்டுமானால் கரைதிறன், உறிஞ்சப்படுதல், சிதையும் வேகம் எல்லாம் கைகூட வேண்டும். அதற்குத்தான் மூலக்கூறை மாற்றுகிறார்கள். எனவே 'இயற்கையா, செயற்கையா' என்ற கேள்வியின் இடத்தில் 'எந்தப் புரதத்தின் மேல், எந்த அளவில், யாருக்கு' என்ற கேள்விகளைக் கேட்க மாணவர்களைப் பழக்குவோம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. அட்டையில் ஒரு பெரிய வளையம் வெட்டி, ஒரு பக்கம் முக்கோணப் பல்லும் எதிர்ப்பக்கம் சதுரப் பல்லும் அமைக்கவும். அவற்றுக்குப் பொருந்தும் பள்ளமுள்ள இரண்டு அட்டைகள் இரண்டு புரதங்கள். வெளியே ஒரு வால். களிமண் உருண்டையை எந்த இடத்தில் ஒட்டினால் பொருத்தம் கெடவில்லை என்று குழுவாகக் கண்டறியட்டும். (8 முதல் 10-ஆம் வகுப்பு)

2. மேலே உள்ள மூன்று மூலக்கூறுகளின் நிறையைக் கணக்கிட்டு வேறுபாட்டை விளக்கட்டும். தொடர்ந்து சாலிசிலிக் அமிலம் 138, அசிட்டிக் அமிலம் 60 என்று கொடுத்து ஆஸ்பிரினின் நிறையைக் கேட்கலாம். விடை 180. (10-ஆம் வகுப்பு)

3. 62 மணி, 30 மணி அரை ஆயுட்காலங்களுக்கு வரைபடத் தாளில் இரு வளைகோடுகள் வரையட்டும். (10 முதல் 12-ஆம் வகுப்பு)

4. விவாதம்: ராப்பா நூயி மண்ணிலிருந்து கிடைத்த மருந்தின் வருவாயில் அத்தீவு மக்களுக்குப் பங்கு உண்டா? 1964-இல் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1992-இன் உயிரியல் பன்மய உடன்படிக்கையும், நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டமும் பின்னர் வந்தவை. நம் ஊர் மண்ணுக்கும் மூலிகைக்கும் இது எப்படிப் பொருந்தும்? (9 முதல் 12-ஆம் வகுப்பு)

5. தொடக்க வகுப்புகளுக்கு: பள்ளித் தோட்டத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துக் கண்டதை வரையட்டும். கண்ணுக்குத் தெரியாதவையும் அதில் வாழ்கின்றன என்று சொல்லி, பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யவும்.

முதல் செயல்பாட்டுக்கு 20 நிமிடங்கள் போதும். செலவு பழைய அட்டைப் பெட்டி ஒன்றுதான். அதிலிருந்தே தொடங்குங்கள். வால் பகுதியை மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த பிறகு ஹைட்ராக்சில் தொகுதி என்ற பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.